புது லப்டொப்பில் லினக்ஸ் போட்டு, பூட் ஆகாமல் அல்லாடின அனுபவங்கள்

அலைகரை, வெள்ளவத்தை:
லினக்ஸிலை ஒரு வகையான மிண்ட் பென் டிரைவிலை இருந்து நல்லாப் பூட் ஆச்சுது, அதாவது எழும்பிச்சுது. எங்கை நிறுவிறது எண்டு கேக்கிற பட்டியலிலை பென் டிரைவ் மட்டும்தான் நிக்குது. உள்ள இருக்கிற 512 ஜிபி எஸ்எஸ்டியைக் காணேல்லை! விண்டோஸுக்குப் போனால் அதே எஸ்எஸ்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடுது. வாங்கின கடையிலை கேட்டன். "லினக்ஸுக்கு இந்த மொடல் சரிவராது" எண்டு திரையைப் பாக்காமலே சொல்லிச்சினம். அந்தப் பதில் இண்டைக்கும் மனசிலை கிடந்து உறுத்துது. பயோஸிலை (கணினி எழும்பேக்கை முதல்லை ஓடுற அமைப்பு நிரல்) ஸ்டோரேஜ் பக்கத்திலை இன்டெல் விஎம்டி (டிஸ்க்கைத் தன்ரை கட்டுப்பாட்டிலை வைச்சிருக்கிற வசதி) எண்டு ஒரு வரி. அதை நிப்பாட்டினதும் டிஸ்க் வந்திட்டுது. ஒரு வரி, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
அண்ணை, விஎம்டியை நிப்பாட்டினதும் விண்டோஸுக்கு என்ன நடந்தது எண்டதை எழுதேல்லை. ரெண்டும் வைச்சிருக்கிற ஆக்கள் உங்கட பதிவைப் பாத்து அப்பிடியே செய்தால் விண்டோஸ் நீலத் திரையிலை நிண்டிடும். முதல்லை விண்டோஸிலை பிட்லொக்கரை (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற மறைகுறியாக்கம்) இடைநிறுத்துங்கோ. பிறகு எம்எஸ்கொன்ஃபிக் எண்ட விண்டோஸ் அமைப்புக் கருவியிலை சேஃப் மோட் (அடிப்படை ட்ரைவர்களோட மட்டும் ஏறுறது) தெரிவுசெய்து, ரீஸ்டார்ட் பண்ணி, பயோஸிலை மாத்துங்கோ. சேஃப் மோடிலை ஒருக்கா ஏறினால் தேவையான ட்ரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். அதுக்குப் பிறகு சேஃப் மோடை எடுத்துவிடலாம். எல்லாத்துக்கும் முன்னம் பிட்லொக்கரின்ரை 48 இலக்கச் சாவியைக் கடதாசியிலை எழுதி வையுங்கோ. தங்கச்சியின்ரை லப்டொப்பிலை செக்கியூர் பூட்டை (கையொப்பமிட்ட நிரலை மட்டும் பூட் ஆக விடுற பாதுகாப்பு) தொட்டதும் அந்தச் சாவியைக் கேட்டுது. அது கிடந்ததோ கடைக்காரர் தன்ரை மின்னஞ்சலிலை திறந்துவைச்ச மைக்ரோசொஃப்ட் கணக்கிலை. அடுத்த நாள் அவளுக்கு அசைன்மென்ட் குடுக்கிற நாள்.

மருதானைப் பென்குயின்:
எனக்கு நடந்தது வேற. உபுண்டு எண்ட லினக்ஸைப் போட்டு, என்விடியா கிராஃபிக்ஸ் ட்ரைவருக்கு டிக் பண்ணி, ஒரு பாஸ்வேர்டும் குடுத்தாச்சு. ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை, "பெர்ஃபோர்ம் எம்ஓகே மனேஜ்மென்ட்". எம்ஓகே எண்டது செக்கியூர் பூட் நம்புறதுக்கு நாம சேர்க்கிற சாவி. அந்தத் திரை பத்து செக்கன்தான் நிக்கும். பக்கத்தில இருந்த வாப்பா வைரஸ் எண்டு பயந்து என்டர் அடிச்சிட்டார். முதல் வரி "கண்டினியூ பூட்", நேரா உபுண்டுவுக்குப் போயிட்டுது. ட்ரைவர் ஏறல்ல, டிவிக்குப் போட்ட எச்டிஎம்ஐ வயரில படமே வரல்ல. அந்த இடத்தில தெரிவுசெய்ய வேண்டியது "என்ரோல் எம்ஓகே". தவறிப்போனா மோக்யூட்டில் எண்ட லினக்ஸ் கட்டளையால சாவியைத் திரும்ப இம்போர்ட் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க, திரை மறுபடி வரும். அந்தப் பத்து செக்கனைக் கூட்டி வைச்சா என்ன குறைஞ்சிடும்?

தெஹிவளை நிலா:
எந்தக் கேள்விக்கும் "செக்கியூர் பூட்டை நிப்பாட்டு" எண்டு சொல்லுறவையோட எனக்கு உடன்பாடில்லை. உபுண்டு, ஃபெடோரா எல்லாம் மைக்ரோசொஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் எண்ட சின்னப் பூட் நிரலோடதான் வருது. புது லப்டொப் சிலதிலை ஷிம்முக்குத் தேவையான மூன்றாம் தரப்புச் சான்றிதழை அனுமதிக்கிற தெரிவு மூடிக் கிடக்கும். அதைத் திறந்தாலே போதும். 2024 ஓகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு என்ரை லினக்ஸ் "சம்திங் ஹாஸ் கோன் சீரியஸ்லி ரோங்" எண்டு சொல்லி அணைஞ்சுபோச்சு. எஸ்பாட் கொள்கை (பழுதுள்ள பழைய பூட் நிரல்களை மறிக்கிற விதி) பழைய ஷிம்மை மறிச்சதுதான் காரணம். அப்ப நானும் செக்கியூர் பூட்டை நிப்பாட்டினன். லினக்ஸுக்குள்ளை போய், மோக்யூட்டிலாலை அந்தக் கொள்கையை அழிச்சு, ஷிம்மைப் புதுப்பிச்சு, திரும்பப் போட்டிட்டன். நிப்பாட்டினால் திரும்பப் போடுங்கோ.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
அக்கா, நான் நிப்பாட்டச் சொல்லேல்லை. தொட முன்னம் சாவியை எடுங்கோ எண்டுதான் சொன்னன்.

புறக்கோட்டை வாசகன்:
2022 கரண்ட் கட் காலம். விண்டோஸே இல்லாத சின்ன மேசைக் கணினி. கரண்ட் போய் வாற நேரமெல்லாம் பயோஸ் உபுண்டுவின்ரை பெயரை மறந்து, பூட் பண்ண டிஸ்க் இல்லை எண்டு கறுப்புத் திரையைக் காட்டும். ஈஎஃப்ஐபூட்மனேஜர் எண்ட, பூட் பட்டியலைத் திருத்துற கட்டளையாலை திரும்பத் திரும்பச் சேர்த்துக் களைச்சுப்போனன். கடைசியிலை டிஸ்க்கிலை பூட் ஃபைல்கள் இருக்கிற ஈஎஃப்ஐ பகுதிக்குள்ளை பூட் எண்ட ஃபோல்டரிலை ஷிம்மை பூட்எக்ஸ்64 எண்ட பெயரிலை வைச்சு, லினக்ஸை ஏத்துற க்ரப்பையும் பக்கத்திலை போட்டன். பூட் பட்டியல் வெறுமையா இருந்தாலும் ஃபேர்ம்வெயார் (பயோஸ்) தேடிப் போற இடம் அது. பிறகு கரண்ட் போனாலும் தானே எழும்பிச்சுது.