மட்டக்களப்பு சமூக ஊடக மாநாட்டில் சந்தித்தவர்கள்

கல்லடியில் நடந்த வலைப்பதிவு, சமூக ஊடக மாநாட்டுக்கு நானும் போயிருந்தேன். மேடையில் பேசியதைப் பற்றி ஏற்கெனவே பலர் சொல்லிவிட்டார்கள். எனக்கு மேடையை விட, கதிரைகளில் இருந்தவர்கள்தான் மனதில் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

போனதற்குக் காரணம் பழைய ஆசைதான். 2009, 2010 காலத்தில் பிளாக்ஸ்பொட் வலைப்பதிவுத் தளத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் யாராவது வருவார்களா என்று பார்க்க நினைத்தேன். அப்போதெல்லாம், புதுப் பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தின் முகப்பில் நம் பதிவின் தலைப்பு கொஞ்ச நேரம் நின்றால் அன்று முழுக்க நிலத்தில் கால் படாது. அந்தக் கூட்டத்தில் பலர் பேஸ்புக்குக்குப் போய், அங்கிருந்து பேசாமலே இருக்கிற நிலைக்கும் போய்விட்டார்கள். ஒருவரைத்தான் கண்டேன். அவரும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர். மகளுக்கு இன்ஸ்டகிராம் பற்றிய அமர்வு வேண்டுமாம்.

மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் வழமைபோல. அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்த வளவாளர் ஒருவர், வீடியோ தொடங்கி மூன்று செக்கனுக்குள் பார்ப்பவரைப் பிடிக்க வேண்டும் என்று வெகுநேரம் பேசினார்.

எனக்குப் பக்கத்தில் நிந்தவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். யூடியூப் சேனல் வைத்திருக்கிறார். கரைவலை இழுப்பது, மீன்வாடி, நோன்புக் கஞ்சி, சந்தை என்று ஊரைத்தான் எடுக்கிறார். விளம்பரக் காசு வருவதற்கு 1000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4000 மணித்தியாலம் பார்வை நேரமும் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அதன் பிறகு நடப்பதை அவர்தான் விளக்கமாகச் சொன்னார். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் கூகுள் ஒரு இரகசிய எண்ணை அச்சடித்துச் சாதாரணத் தபாலில் அனுப்பும். அதைப் போட்டால்தான் முகவரி உறுதியாகும். இவருடைய வீட்டு முகவரியில் வீதிப் பெயர் இருந்தது, வீட்டு இலக்கம் இல்லை. கடைசியில் தபால்காரரைச் சந்தியில் மறித்து, "இப்படி ஒரு வெள்ளைக் கடதாசி வரும், எறிஞ்சிராதீங்க நானா" என்று சொல்லி வைத்தாராம். 100 டொலர் சேர்ந்த பிறகுதான் காசு வங்கிக்கு வரும்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது சிரிக்கிற விஷயமில்லை. நிந்தவூருக்குத் தெற்கே ஒலுவில் துறைமுகம் வந்த பிறகு அந்தக் கரையைக் கடல் அரித்துக்கொண்டு போவது இங்கே எல்லோருக்கும் தெரியும். தென்னைகள் வேரோடு சரிந்து கிடப்பதையும், தோணி இழுத்து வைக்க இடமில்லாமல் மீனவர்கள் படுகிற பாட்டையும் ஒரு வீடியோவாகப் போட்டாராம். மிகவும் பாடுபட்டு எடுத்தது அதுதான். ஆகக் குறைவாகப் பார்க்கப்பட்டதும் அதுதான். லண்டனில் இருந்து ஒருவர் பார்த்தால் வருகிற காசும் கல்முனையில் இருந்து பார்த்தால் வருகிற காசும் ஒன்றில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரின் பெருநாளும் சாப்பாடும் வேண்டும். "அவங்களுக்கு ஊர் வடிவா இருக்கோணும் அண்ணன். கடல் தின்ட ஊரக் காட்டினா அடுத்ததுக்குப் போயிருவாங்க" என்றார். மூன்று செக்கன் கதை சொன்ன வளவாளருக்கு இதற்கு என்ன பதில் இருந்திருக்குமோ தெரியாது. கேளுங்கள் என்று தம்பியை உசுப்பிப் பார்த்தேன், அவர் வெட்கப்பட்டு இருந்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாடு திறம், தயிரும் பாணியும் கடைசியில் வந்தவர்களுக்கும் கிடைத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் ஏற்பாட்டாளர்களுக்குச் செய்கிற அநியாயம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பொய்ச் செய்தி பற்றிய அமர்வு. வந்தவர் நன்றாகத் தயார் செய்திருந்தார். ஆனால் காட்டிய உதாரணம் எல்லாம் இந்தியாவில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்று பரவிய வட்ஸ்அப் செய்திகள்தான். பின்வரிசையில் இருந்து சம்மாந்துறை ஆள் ஒருவர் எழும்பினார். மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர். "சேர், அம்பாறையை வச்சிக்கொண்டு ஏன் இந்தியாவுக்குப் போறீங்க?" என்று கேட்டார். மண்டபம் கொஞ்சம் நிமிர்ந்தது.

அவர் சொன்னது 2018 பெப்ரவரி 26 இரவு நடந்ததை. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கிடந்த மாக்கட்டியைக் காட்டி, இது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று சண்டை பிடித்தார்கள். கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. சுற்றி நின்று அதட்டிக் கேட்டதற்கு ஓம் என்பதுபோல் அவர் சொன்னதை வீடியோ எடுத்தார்கள். அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படிச் செய்யக்கூடிய மாத்திரையே கிடையாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அது வெறும் மாதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையும் வந்தது. அறிக்கை வருவதற்குள் வீடியோ நாட்டைச் சுற்றி முடித்துவிட்டது. மார்ச் தொடக்கத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் திகனையும் கண்டிப் பக்கமும் எரிந்தன.

இதெல்லாம் செய்தியில் வந்ததுதான். வியாபாரி சொன்னதில் செய்தியில் வராத ஒன்று இருந்தது. அவர் சிங்களம் நன்றாகப் பேசுவார். வீடியோவைப் பார்த்த உடனேயே, கேள்வி ஒன்று, அந்த மனிதர் விளங்கிக்கொண்டது வேறொன்று என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டதாம். வருடக்கணக்காக மரக்கறி கொடுத்து வாங்கிய சிங்கள வியாபாரிகளுக்கு போன் எடுத்து அதைச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர், "நீங்க நல்ல ஆள், ஆனா வீடியோ இருக்கே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த அமர்வை நடத்தியவரைப் பாராட்டத்தான் வேண்டும். தன் படங்களை மூடி வைத்துவிட்டு, அந்த இரவையே எடுத்துக்கொண்டு பேசினார். வீடியோ எங்கே தொடங்குகிறது, அதற்கு முன் என்ன நடந்திருக்கும், கமராவுக்குப் பின்னால் எத்தனை குரல் கேட்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வைத்தார். 2018 கலவரத்தில் தன் தளம் ஆற்றிய பங்குக்காக பேஸ்புக் 2020 மே மாதம்தான் வருத்தம் தெரிவித்தது என்பதும் பேச்சில் வந்தது. என்னைக் கேட்டால், தளங்களை முடக்குவது பற்றி இன்னும் பேசியிருக்கலாம். அம்பாறையில் நடந்தது பெப்ரவரி 26. அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் நிறுத்தியது மார்ச் 7. பரவ வேண்டியது பரவிய பிறகு பூட்டு. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகும் அதே பூட்டு. அப்போது வெளிநாட்டில் இருந்த தன் அண்ணனுக்கு, வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லக்கூட வட்ஸ்அப் வேலை செய்யவில்லை என்று ஒரு தங்கச்சி சொன்னார்.

இணையத்தில் போடுகிற பொய்யான, தீங்கான பதிவுகளுக்கு எதிரான நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றிய அமர்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024இன் 9ஆம் இலக்கச் சட்டம், பெப்ரவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தரணி பிரிவு பிரிவாக வாசித்தார். ஆரையம்பதியில் இருந்து வந்த பிள்ளை ஒன்று, புனைபெயரில் கவிதை எழுதுகிறவர், தன் படத்தை எடுத்து யாரோ போலிக் கணக்கு நடத்துவதைச் சொல்லி, "இந்தச் சட்டத்தில நான் முறைப்பாடு குடுக்கிறதா, இல்லாட்டி என்ர கவிதைக்கு என்மேல முறைப்பாடு வருமா?" என்று கேட்டார். இரண்டும் நடக்கலாம் என்றார் சட்டத்தரணி. அதைவிட நேர்மையான பதில் அன்று கேட்கவில்லை. போலிக் கணக்கு விஷயத்துக்கு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின் 101 இலக்கத்தையும், பெண்களுக்கான 1938 உதவி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தார்.

கடைசியாக, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். தேநீர் நேரத்தில் ஒரு பென்ட்ரைவைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் மாறி ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தபோது, "மனே, இத ஒருக்காப் பாரு. எல்லாரும் மறுகா பாப்பம் எண்டு போறாங்க" என்றார். அதற்குப் பிறகு நடந்த குழு உரையாடலுக்கு நாங்கள் உள்ளே போகவில்லை.

ஆசிரியர் சேர் பல வருடமாக ஊர் ஊராகப் போய் வசந்தன் கூத்துப் பாடல்களையும் கண்ணகி அம்மன் குளுத்திச் சடங்குப் பாடல்களையும் சேர்த்திருக்கிறார். பாடியவர்களில் பலர் இப்போது இல்லை. ஒரு மாணவன் அவற்றை பாமினி எழுத்துருவில் தட்டிக் கொடுத்திருக்கிறான். பாமினியில் தட்டிப் பழகியவர்களுக்கு இதன் வில்லங்கம் தெரியும். திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும், உள்ளே பதிவாகியிருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்கிற ஆங்கில விசைகள்தான். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் பாட்டு முழுக்கக் குப்பையாகத் தெரியும். கூகுளில் தேடினாலும் அகப்படாது. சேர் கவலைப்பட்டதும் அதுதான்: "பேரப்பிள்ளைக்கு அனுப்பினன், வைரஸ் எண்டு அழிச்சுப் போட்டான்."

அதே மாணவன் ஒரு வலைப்பதிவும் திறந்து, கொஞ்சப் பாடல்களை, எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட்டில் ஏற்றியிருக்கிறான். பிறகு கனடா போய்விட்டான். கணக்கு அவனுடைய பழைய மின்னஞ்சலில் இருக்கிறது. அதை அவன் திறப்பதே இல்லை. இது எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்குகளை அழிக்கக்கூடும் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரில் இருந்து வைத்திருக்கிறது. அங்கேயே இருந்து, இணையப் பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைக்கிற வேபேக் மெஷின் தளத்தில் வலைப்பதிவின் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சேமித்தோம். மாணவனுக்கு ஒரு செய்தியும் அனுப்பினோம்: ஒரு தடவை உள்ளே போ, அமைப்புகளில் காப்புப் பிரதி எடுத்து அனுப்பு, சேரின் மின்னஞ்சலையும் நிர்வாகியாகச் சேர் என்று. இரவே பதில் போட்டிருந்தான், சேருக்கு நீளமாகவும் எனக்கு ஒரு வரியும்.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவில் பாதுகாத்து வருவதைச் சேர் கேள்விப்பட்டிருக்கிறார். ஆனால் அது பெரிய எழுத்தாளர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தாராம். அப்படி இல்லை என்று சொன்னேன். அவர்களுக்கும் ஒரு பிரதி போக வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறோம்.

கருத்துப் படிவத்தில் நான் எழுதியது இது: அடுத்த முறை அம்பாறையில் வையுங்கள், சிங்களத்தில் எழுதுகிறவர்களையும் கூப்பிடுங்கள், மரக்கறி வியாபாரியை மேடையில் ஏற்றுங்கள். மண்டபத்தின் ஒரு பக்கத்தில் நாலு மேசையும் மடிக்கணினியும் போட்டு, பென்ட்ரைவோடு வருகிறவர்களுக்கு உதவ ஆள் வையுங்கள். வாசிப்பார்களோ தெரியாது.

சேரின் கோப்புகளை இப்போது யூனிகோட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றியை ஓடவிட்டால் பெரும்பாலும் சரியாக வருகிறது. 'கௌ' வருகிற இடமெல்லாம் கெ, ள என்று இரண்டு எழுத்தாக உடைந்து நிற்கிறது, இடைக்கிடை வரிகளும் ஒட்டிக்கொள்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். நேரம் உள்ளவர்கள் சொல்லுங்கள், கோப்பு அனுப்புகிறேன். படுவான்கரைப் பக்கம் வசந்தன் ஆடிய, பாடிக் கேட்ட வீட்டு ஆட்களாக இருந்தால் மிகவும் நல்லது. எது தட்டச்சுப் பிழை, எது அந்த ஊர் பாடுகிற விதம் என்று எனக்குப் பல இடத்தில் பிரிக்கத் தெரியவில்லை. சேரை ஒவ்வொரு வரிக்கும் போனில் பிடிக்கவும் ஒண்ணாது, வயல் வேலை தொடங்கிவிட்டது அவருக்கு.