பெரிய மனிதர்களின் வாழ்க்கையை வைத்து ஆங்கில டென்ஸ் சொல்லிக்கொடுக்க முடியுமா?

பிறை அப்பா கேட்கிறார்:

வணக்கம். மலேசியாவில், பினாங்கில் பிறைப் பக்கம் இருக்கிறோம். மகள் இப்போது படிவம் 2, இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் வருடம். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். தமிழும் மலாயும் நன்றாகவே வருகிறது. ஆங்கிலம் என்றால் டென்ஸில் போய் நின்றுவிடுகிறாள். பன்னிரண்டு டென்ஸின் பெயரையும் வரிசையாகச் சொல்வாள், அட்டவணையும் மனப்பாடம். ஆனால் பள்ளியில் மலாய் நடிகர், இயக்குநர் பி. ரம்லியைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொன்னபோது ‘ஹீ பார்ன் இன் 1929’ என்று ஆரம்பித்து, ‘ஹீ இஸ் மூவ் டு சிங்கப்பூர்’ என்று போய், ‘ஹீ ஹேஸ் டைட் இன் 1973’ என்று முடித்திருந்தாள். வரிக்கு வரி சிவப்பு மை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பயிற்சி நூலில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் எழுந்து ஓடிவிடுகிறவள், இந்த அரைப் பக்கத்துக்குத் தானாகவே உட்கார்ந்தாள். ரம்லி ஏன் 44 வயதிலேயே இறந்துவிட்டார் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே எழுதினாள். அதனால்தான் கேட்கிறேன்: வாழ்க்கை வரலாறுகளை வைத்தே டென்ஸும் புதுச் சொற்களும் சொல்லிக்கொடுக்க முடியுமா? யாரில் ஆரம்பிப்பது? நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். என் ஆங்கிலம் வேலைக்குப் போதும், பாடம் நடத்தும் அளவுக்கு இல்லை.

சுங்கை டுவா குமார்:

அண்ணே, எளிய ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிய வாழ்க்கை வரலாறுகள் நிறைய கிடைக்கும். நிலை 1, நிலை 2 என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். மண்டேலா, மேரி கியூரி எல்லாம் உண்டு. செபராங் ஜெயா பொது நூலகத்தில் பாருங்கள். என் மகன் அப்படித்தான் படிக்கிற பழக்கத்துக்கு வந்தான்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:

தம்பி, கண்டிப்பாக முடியும். இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். என் வகுப்பில் டென்ஸ் அட்டவணை கிடையாது, ஆட்கள்தான். அட்டவணை வினைச்சொல்லின் வடிவத்தைக் காட்டும். எதை எப்போது எடுக்க வேண்டும் என்பதை ஒரு ஆளின் வாழ்க்கைதான் காட்டும்.

மண்டேலாவும் கியூரியும் பிறகு வரட்டும். நம் ஊர்க்காரர்களில் ஆரம்பியுங்கள். இடமும் பெயரும் ஏற்கெனவே தெரிந்திருந்தால் பிள்ளையின் கவனம் முழுவதும் வினைச்சொல்லில் இருக்கும்.

ஒருவரைப் பற்றி எழுதும் முன் மகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இவர் உயிரோடு இருக்கிறாரா? இரண்டாவது: எந்த வருடம் என்று சொல்லப் போகிறேனா?

ரம்லியையும் நிக்கோல் டேவிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இருவரும் பினாங்கில் பிறந்தவர்கள். ரம்லி 1929இல் பிறந்து 1973இல் இறந்தவர், அந்தக் கணக்கு மூடியாயிற்று. ஆகவே அவர் செய்தது எல்லாம் பாஸ்ட் டென்ஸ்: சிங்கப்பூருக்குப் போனார், 1964இல் கோலாலம்பூருக்கு வந்தார், நடித்தார், இயக்கினார். நிக்கோல் 1983இல் பிறந்தவர், எட்டு முறை ஸ்குவாஷ் உலகப் பட்டம் வென்றவர், நம்மோடு இருக்கிறார். ஆகவே வருடம் சொல்லாமல் எழுதும்போது ‘ஷீ ஹேஸ் வொன் எய்ட் வேர்ல்ட் டைட்டில்ஸ்’. வருடம் சொன்ன கையோடு ‘ஹேஸ்’ போய்விடும்: ‘ஷீ வொன் ஹர் ஃபர்ஸ்ட் வேர்ல்ட் டைட்டில் இன் 2005’. ஒரே ஆள், ஒரே வெற்றி, வருடம் வந்ததும் வினை மாறுகிறது. 2006 முதல் 2015 வரை ஒன்பது ஆண்டுகள் உலகின் முதல் இடத்தில் இருந்தார். அது முடிந்துபோனது, ஆகவே ‘வாஸ்’. 2019இல் ஓய்வு பெற்றார். அந்த ஓய்வு இன்னும் தொடர்கிறது, ஆகவே ‘ஹேஸ் பீன் ரிட்டயர்ட் சின்ஸ் 2019’. பிரசன்ட் பர்ஃபெக்ட்டின் முக்கால்வாசிப் பாடம் இந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

உங்கள் மகள் எழுதிய ‘ஹேஸ் டைட் இன் 1973’ எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் தமிழிலிருந்து. ‘பாரதியார் நிறைய எழுதியிருக்கிறார்’ என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம். அவர் 1921இல் காலமானவர், ஆனாலும் தமிழ் காதுக்கு ஒன்றும் உறுத்தாது. ஆங்கிலத்தில் அங்கே ‘ரோட்’தான் பொருத்தம். ‘நேற்று வந்திருக்கிறார்’ என்பதும் தமிழில் சரி, ஆங்கிலத்தில் ‘ஹேஸ் கம் யெஸ்டர்டே’ தவறு. பிள்ளைக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. வீட்டு மொழியின் நல்ல இலக்கணத்தை அங்கே கொண்டுபோய் வைக்கிறாள். இதை அவளிடம் இப்படியே சொல்லுங்கள். திட்டு வாங்கும் பிள்ளைக்கு இது பெரிய தெம்பு.

அடுத்தது பாஸ்ட் பர்ஃபெக்ட், அந்த ‘ஹேட்’. இதற்கு டாக்டர் வூ லியென் தேயை விட்டால் எனக்கு வேறு ஆளே கிடையாது. 1879இல் பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, குயின்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கி, கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தார். 1910 கடைசியில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது சீன அரசு அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. நோய் எலி, தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது என்று மற்றவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். வூ பிரேதப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, இது நுரையீரலைத் தாக்குகிறது, மூச்சுக் காற்றில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்றார். பஞ்சை உள்ளே வைத்து வலைத்துணியில் செய்த முகக்கவசத்தை எல்லோரையும் அணியச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்கவில்லை. கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே நோயில் இறந்தார்.

இதை நடந்த வரிசைப்படி எழுதினால் ‘ஹேட்’ தேவையே இல்லை: மறுத்தார், போனார், இறந்தார், எல்லாம் சாதாரண பாஸ்ட். இப்போது பிள்ளையிடம் சாவில் ஆரம்பித்துப் பின்னால் போகச் சொல்லுங்கள். ‘டாக்டர் மெஸ்னி டைட். ஹீ ஹேட் ரெஃப்யூஸ்ட் டு வேர் எ மாஸ்க்’. முன்பு நடந்ததைப் பிறகு சொல்லும்போதுதான் ‘ஹேட்’ வந்து நிற்கிறது. இறந்தார் என்று கேட்டதும் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள் அல்லவா, அந்த ஏனுக்கான பதிலில் ‘ஹேட்’ தானாக வரும். இந்தக் கதையைக் கேட்ட பிள்ளை அதை லேசில் மறப்பதில்லை. கோவிட் காலத்தைப் பார்த்த பிள்ளைகள், முகக்கவசம் என்றதும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள்.

சொற்களையும் இப்படியே சேர்க்கலாம். அகரவரிசையில் சொற்பட்டியல் கொடுத்தால் ஒட்டாது. நம் நாட்டு அரசியல் தலைவர் துன் சம்பந்தன் நாடாளுமன்றத்துக்கு மக்களால் ‘எலெக்டட்’. அமைச்சர் பதவிக்குப் பிரதமரின் தேர்வில் ‘அப்பாயின்டட்’. டாக்டர் வூ 1935இல் நோபல் பரிசுக்கு ‘நாமினேட்டட்’, ஆனால் பரிசு கிடைக்கவில்லை. மேரி கியூரிக்கு 1903இலும் 1911இலும் நோபல் ‘அவார்டட்’. நான்கு சொல்லும் இந்த மூன்று பேரின் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டால் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் போட மாட்டாள்.

பிறை அப்பா:

டீச்சர், ரொம்ப நன்றி. நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பாரதியார் விஷயத்தைக் கேட்டு முகமே மாறிவிட்டது. இரண்டு சந்தேகம். ஒன்று அவள் கேட்டது: பிறந்தாருக்கு ‘வாஸ் பார்ன்’ என்று ‘வாஸ்’ வருகிறது, இறந்தாருக்கு ஏன் ‘வாஸ் டைட்’ வரக்கூடாது? இன்னொன்று என்னுடையது: எல்லா வரியிலும் ‘ஆல்ரெடி’ போடுகிறாள். அதற்கு என்ன செய்வது?

ஆயர் ஈத்தாம் டீச்சர்:

மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். நல்ல கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை.

தமிழில் பிறந்தார், இறந்தார் இரண்டும் ஒரே மாதிரி நடக்கும் சொற்கள். ஆங்கிலத்தில் அப்படியில்லை. ‘பார்ன்’ என்பது ‘பேர்’ என்ற வினையிலிருந்து வந்தது, சுமந்து பெறுதல். பெற்றவள் தாய். பிள்ளை பெறப்பட்டது, ஆகவே ‘வாஸ்’. இறப்பது அவரவர் தாமே செய்வது. அதை வேறு யாரும் அவருக்குச் செய்வதில்லை, ஆகவே ‘வாஸ்’ இல்லை. ‘வாஸ் கில்ட்’ என்றால் வரும், ஏனென்றால் அங்கே இன்னொருவரோ இன்னொன்றோ கொன்றது.

‘ஆல்ரெடி’ நம் நாட்டுப் பழக்கம். மலாயில் வினைச்சொல் காலத்துக்கு மாறாது. சாப்பிடுவதைச் சொல்லும் ‘மாக்கான்’ எப்போதும் ‘மாக்கான்’தான். முடிந்ததற்கு ‘சூடா’, நடந்துகொண்டிருப்பதற்கு ‘செடாங்’, இனி நடப்பதற்கு ‘ஆக்கான்’ என்று முன்னால் ஒரு சொல்லைப் போட்டால் முடிந்தது. அந்த ‘சூடா’தான் ஆங்கிலத்தில் ‘ஆல்ரெடி’யாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடையில், ஃபிளாட்டுக்குக் கீழே, நண்பர்களோடு அப்படிப் பேசட்டும், அதைத் தடுக்காதீர்கள். எழுதும்போது மட்டும் ஒவ்வொரு ‘ஆல்ரெடி’யையும் அடித்துவிட்டு, வினைச்சொல் தானாகக் காலத்தைச் சொல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இது சுலபம், நம் வினைச்சொல்லுக்குள்ளேயே காலம் இருக்கிறது.

செந்தூல் ரவி:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். பெரியவர்களுக்கும் இது உதவும். நேர்முகத் தேர்வில் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்பார்களே, அதுவும் ஒரு வாழ்க்கை வரலாறுதான். நான் ஜானகி ஆதி நாகப்பனின் கதையை எடுத்துப் பழகினேன். 1925இல் கோலாலம்பூரில் பிறந்தார். சுபாஷ் சந்திர போஸின் பேச்சைக் கேட்டுத் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். 18 வயதில் போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனார். பிறகு மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினர். 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ. 2014இல் காலமானார். முதலில் ‘ஷீ’ என்று சத்தமாகச் சொல்லிப் பழகினேன். அதே வரி அமைப்பில் ‘ஐ’ போட்டு என் கதையைச் சொன்னேன். எங்கே படித்தேன் என்பது பாஸ்ட், எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன் என்பது பிரசன்ட் பர்ஃபெக்ட். வாய் தடுமாறவில்லை.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:

ரவி தம்பி சொன்னது அருமை. அப்புறம் ஒன்று விட்டுப்போனது. புகழ்பெற்றவர்களின் வரலாற்றில் பாஸ்ட் டென்ஸ் வழிந்தோடும், தினமும் செய்வதைச் சொல்லும் பிரசன்ட் டென்ஸ் அதிகம் வராது. அதற்கு வீட்டில் இருக்கும் ஒருவர் வேண்டும். பாட்டி இருக்கிறாரா? அவரை உட்காரவைத்துக் கேட்டு மகள் ஆங்கிலத்தில் எழுதட்டும். நாட்டுக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் குடும்பத்துக்கு அவரைவிடச் செல்வாக்கானவர் யார்?

பிறை அப்பா:

என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார், கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மகள் நேற்று இரவு எழுதியதை அப்படியே போடுகிறேன். நான் கை வைக்கவில்லை.

‘மை கிராண்ட்மதர் வாஸ் பார்ன் இன் ஆன் எஸ்டேட் இன் கெடா. ஷீ டாப்ட் ரப்பர் சின்ஸ் ஷீ வாஸ் ட்வெல்வ். ஷீ ஹேஸ் மூவ்ட் டு பிறை இன் 1986. ஷீ லிவ்ஸ் ஹியர் ஃபார் மெனி இயர்ஸ். எவ்ரி மார்னிங் ஷீ வேக்ஸ் அப் அட் ஃபைவ்.’

ஆயர் ஈத்தாம் டீச்சர்:

‘வாஸ் பார்ன்’ சரியாக வந்துவிட்டது! கடைசி வரியிலும் குறை இல்லை.

இரண்டாவது வரி: ‘சின்ஸ்’ என்றால் இன்றுவரை தொடர வேண்டும். பாட்டி இப்போது மரம் வெட்டவில்லை. ‘ஷீ ஸ்டார்டட் டாப்பிங் ரப்பர் வென் ஷீ வாஸ் ட்வெல்வ்’. மூன்றாவது வரியில் 1986 இருக்கிறது, ‘ஹேஸ்’ஸை எடுத்துவிட்டு ‘மூவ்ட்’ மட்டும். அந்த ‘ஹேஸ்’ நான்காவது வரிக்குத்தான் வேண்டும்: ‘ஷீ ஹேஸ் லிவ்ட் ஹியர் சின்ஸ் தென்’. பிறைக்கு வந்தது முடிந்த காரியம், இங்கே வாழ்வது இன்றும் நடக்கிறது.

இனி பாட்டியிடம் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) எத்தனை மணிக்குப் போவார்கள், மங்கில் (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) பால் சேர எவ்வளவு நேரம் ஆகும், மழை பெய்தால் அன்றைய சம்பளம் என்ன ஆகும் என்று கேட்கச் சொல்லுங்கள். அன்றாடம் செய்து பிறகு விட்டுப்போனவை அவை, எல்லாமே ‘யூஸ்ட் டு’ வரிகள். எழுதியதும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.