மறு: 'டிரை சோல்டர்' என்பதற்குத் தமிழில் என்ன? (பொய்ப்பற்று, பற்றுவிரிசல்)

வணக்கம். மின்பலகையில் (மின்சுற்றுப் பலகையில்) சோல்டர் வைத்த இணைப்பு பார்க்க நன்றாக இருந்தும் சரியாகத் தொடர்பு கொடுக்காத பழுதைப் பட்டறையில் 'டிரை சோல்டர்' என்கிறோம். நம் கையேட்டுக்கு அதற்கான தமிழ்ச்சொல் பற்றி வந்த மறுப்புகளுக்கு இந்தப் பதில்.

> 'உலர் பற்றவைப்பு' போதும். நேர்ச்சொல், எல்லோருக்கும் புரியும்.

தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை, ஐயா. உலர் என்று சொன்னால் ஏதோ காய்ந்துவிட்டது என்றுதான் படிப்பவர் எண்ணுவார். மின்பலகையில் எதுவும் காய்வதில்லை. உருகிய ஈயம் (சோல்டரைப் பட்டறையில் இப்படித்தான் சொல்வோம்) செப்புத் தடத்திலும் உதிரிப்பாகத்தின் காலிலும் பரவிப் பிடிக்க வேண்டும். காலில் ஆக்சைடு படலமோ அழுக்கோ இருந்தால், அல்லது சூடு போதாவிட்டால், ஈயம் பிடிக்காமல் உருண்டு மேலே உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் இணைப்பு இருக்கும், உள்ளே இருக்காது. அதனால்தான் 'பொய்ப்பற்று' என்று முன்மொழிந்தேன்.

கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்களைக் கேளுங்கள். சூடாக்கி, நவச்சாரம் தூவி, துணியால் தேய்த்தபின் ஈயம் ஓடிப் பரவாத இடத்தை 'ஈயம் பிடிக்கல' என்பார்கள். மின்பலகையில் நடப்பதும் அதேதான். களிம்பை நீக்க அங்கே நவச்சாரம், இங்கே ஃப்ளக்ஸ். (யாரும் நவச்சாரத்தை மின்பலகையில் போட்டுவிடாதீர்கள், எச்சம் செப்புத் தடத்தையே அரித்துவிடும்.) பிடித்தலும் பற்றுதலும் ஒரே பொருள் என்பதால் பொய்ப்பற்று என்ற சொல் பட்டறைப் பேச்சுக்கும் பக்கத்தில் நிற்கிறது.

> பற்று என்றால் பாசம், கணக்கில் பற்று வரவு. இங்கே பொருந்துமா?

சோல்டருக்குப் 'பற்றாசு' என்ற சொல் தமிழில் பழையது. ஆசிடை வெண்பாவை விளக்கும் யாப்பருங்கலக் காரிகை (யாப்பிலக்கண நூல்) உரை, ஒட்டாத உலோகங்களை ஒட்ட வைக்கப் பற்றாசு இடுவதையே உவமையாகக் காட்டுகிறது. முதற் குறட்பாவுக்கும் தனிச்சொல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் அசை கூட்டி இணைப்பதை விளக்கக் கம்மியர் தொழிலை எடுத்துக்கொண்ட உரை அது. அந்தச் சொல் இருக்கும்போது நாம் ஏன் 'உலர்' பக்கம் போக வேண்டும்?

> பழுது ஒன்று. அதற்கு எதற்கு இரண்டு சொல்?

ஒன்றில்லை. இதைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன். பட்டறையில் இரண்டையும் 'டிரை சோல்டர்' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் முதல்வகை ஆரம்பத்திலேயே பிடிக்காதது. இரண்டாவது, நன்றாகப் பிடித்திருந்து, நாள்பட விரிந்தது.

இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்துக்கொள்வோம். குறைந்த சூட்டில் ஓடுகிறது, கூட்டினால் நின்றுவிடுகிறது, தட்டினால் மறுபடி ஓடுகிறது. உள்ளே சோக் சுருளும் பெரிய மின்தேக்கியும் கனமானவை, சூடும் ஏறுபவை. சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, காலைச் சுற்றி ஈயத்தில் மோதிரம் போல மெல்லிய வளையக் கோடு விழும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தால் தெரியும். மல்டிமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்: அது அனுப்புவது சில மில்லியாம்பியர்தான், மயிரிழைத் தொடர்பு இருந்தாலும் 'பீப்' அடிக்கும். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது அதே இடம் சூடாகித் தொடர்பு அறும்.

இதற்கு 'பற்றுவிரிசல்' என்கிறேன். சென்ற மடலில் வந்த 'பற்றுவிடல்' கேட்க அழகாக இருக்கிறது, 'சோல்டர் விட்டுப்போச்சு' என்ற பேச்சுவழக்கோடும் ஒட்டுகிறது. ஆனால் 'பற்றுக பற்றற்றான் பற்றினை' படித்த காது அதைத் துறவு என்றே கேட்கும். தேடுபொறியிலும் துறவுதான் முதலில் வரும்.

இரண்டு சொல் தேவை என்பதற்கு நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் பலகைகளே சான்று. உப்புக்காற்றில் கால்களில் களிம்பு ஏறியிருக்கும். அவசரத்தில் விரிசலின் மேலேயே புது ஈயத்தை வைத்துவிட்டால் பளபளவென்று இருக்கும், ஆனால் அடியில் பிடித்திருக்காது. பற்றுவிரிசலைச் சரிசெய்யப் போய்ப் பொய்ப்பற்றை உண்டாக்கியதாக முடியும். பழைய ஈயத்தை உறிஞ்சியெடுத்து, காலைச் சுரண்டி, ஃப்ளக்ஸ் இட்டு, காலும் தடமும் சேர்ந்து சூடான பிறகு ஈயத்தைக் கொடுக்க வேண்டும். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாப் பற்றாசு 217-க்கு மேல். தொழிற்சாலைப் பலகையில் பெரும்பாலும் இந்த ஈயமில்லா வகையே இருப்பதால் சூட்டுக்கோலின் (சோல்டரிங் அயர்ன்) வெப்பத்தைக் கூட்டித்தான் வைக்க வேண்டும். இந்த வழிமுறையை ஒரே சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள். கற்றுக்கொள்ளும் பையன் எந்த இடத்தில் எந்தப் பழுது என்று குழம்புவான்.

கையேட்டில் சேர்க்கும்போது இந்த இரண்டு சொல்லுக்கும் முன்னால் ஒரு வரி தடித்த எழுத்தில் வர வேண்டும்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம், அந்த மின்னேற்றத்தை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே பலகையைத் தொட வேண்டும்.

'ஈயமில்லாப் பற்றாசு' என்பதில் யாருக்காவது மறுப்பு உண்டா? பேச்சில் வெள்ளீயமும் ஈயம்தான் என்பதால் 'காரீயமில்லாப் பற்றாசு' என்று எழுதுவதே சரி என்று எனக்கு இப்போது படுகிறது. மறுப்பில்லை என்றால் அப்படியே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து