பழைய மில் ஆபீஸ் இன்டர்காம் செட்: எதை ஓட்டிப் பார்க்கலாம், யாருக்குக் கொடுக்கலாம்?

கேள்வி (மில்_ஆபீஸ்)

வணக்கம்ங்க. கோவையில மூடிக் கிடக்கிற ஸ்பின்னிங் மில் ஒண்ணோட ஆபீஸ் கட்டடத்தை இடிக்கப் போறாங்க. டெலிபோன் சாமான் மொத்தமும் எடைக்குப் போக இருந்தது. முதலாளி வீட்டுல பேசி நிறுத்தி வெச்சிருக்கோம்.

இருக்கிறது: ஆபரேட்டர் கயிறு (முனையில பிளக் உள்ள வயர்) மாத்திச் சொருகுற மர போர்டு (10 ட்ரங்க், அதாவது வெளி லைன், 50 எக்ஸ்டென்ஷன்). அதுக்குச் சுவத்துல மாட்டின பவர் யூனிட், உள்ளே தகடு தகடா அடுக்கின ஒரு சாமான் இருக்கு. அப்புறம் வாங்கின 24 எக்ஸ்டென்ஷன் இ.பி.ஏ.பி.எக்ஸ். (ஆபரேட்டர் இல்லாம தானே இணைக்கிற எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச்). ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) கம்பெனி டயல் போன் 14. சுவத்துல எம்.டி.எஃப். பெட்டி (எல்லா லைன் கம்பியும் வந்து சேர்ற இடம்).

சிக்கல் மூணு. ஒரு டயல் போனை வீட்டு ஃபைபர் மோடத்துல மாட்டினேன். கால் வருது, பேச முடியுது, மணி மட்டும் முனகுது. டயல் சுத்தினா ஒண்ணும் ஆகல, டயல் டோன் அப்படியே கேட்டுட்டே இருக்கு. இ.பி.ஏ.பி.எக்ஸ். ஆன் பண்ணினா விளக்கு எரியுது, பழைய எக்ஸ்டென்ஷன் நம்பர் எதுவும் வேலை செய்யல. போர்டோட பவர் யூனிட்டை எலக்ட்ரீஷியன் நேரா 230 வோல்ட் கரண்ட்ல போட்டுப் பார்க்கலாம்னு சொல்றார். போடலாமுங்களா? கடைசியா இதையெல்லாம் யார் வாங்கிக்குவாங்க?

பதில் (லைன்_48)

முதல்ல கடைசிச் சிக்கல்: பவர் யூனிட்டை 230-ல போடாதீங்க. தகடு அடுக்கு செலினியம் ரெக்டிஃபையர், ஏ.சி.யை டி.சி. ஆக்குறது. பல வருஷம் சும்மா கிடந்த பிறகு மின்சாரம் கொடுத்தா சூடாகிக் கருகும். அப்போ அழுகின முள்ளங்கி மாதிரி வாடை வரும், அந்தப் புகை விஷம். வாடை வந்தா பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்துட்டு வெளியே வந்துடணும். பக்கத்துல இருக்கிற பெரிய எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டரையும் நம்ப முடியாது.

அந்த யூனிட்டைக் காட்சிக்கு அப்படியே வெச்சுட்டு, போர்டுக்கு வெளியிலிருந்து டி.சி. கொடுக்கிறதே என் யோசனை. அதையே ஓட்டித்தான் ஆகணும்னா செலினியத்தை விலக்கிட்டு சிலிக்கான் பிரிட்ஜ் போடலாம். ஆனா சிலிக்கான்ல வோல்டேஜ் இழப்பு குறைவு, வெளியே வர்ற வோல்டேஜ் சில வோல்ட் ஏறிடும். ஒரு பவர் ரெசிஸ்டரைத் தொடர்ல போட்டு லோடு வெச்சு அளந்து சரி பண்ணணும்.

போர்டுல பெயர்த் தகடு பாருங்க. 24 வோல்ட்டா 50 வோல்ட்டான்னு இருக்கும். 50-ன்னா 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நாலு தொடர்ல, 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். டெலிபோன்ல பாசிட்டிவ்தான் எர்த். கார் பழக்கத்துல நெகட்டிவை ஃபிரேம்ல மாட்டிடுவாங்க, அதைச் செய்யாதீங்க. முதல் தடவை பேட்டரி வேண்டாம், கரண்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளையில 0.5 ஆம்பியர் வெச்சு, வோல்டேஜை மெதுவா ஏத்துங்க. எந்த ரிலேயும் (காந்தத்தால இயங்குற சுவிட்ச்) இழுக்காத நிலையிலேயே கரண்ட் ஏறினா எங்கேயோ ஷார்ட்.

ரிலே கான்டாக்டை உப்புத்தாளால தேய்க்காதீங்க, மேல இருக்கிற வெள்ளிப் பூச்சு போயிடும். விசிட்டிங் கார்டுல ஒரு பட்டை வெட்டி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்சு, கான்டாக்டை லேசா மூடிப் பிடிச்சு இழுத்தா போதும். ஸ்பிரிங்கை வளைச்சு "அட்ஜஸ்ட்" பண்றவங்களைப் பக்கத்துலயே விடாதீங்க.

பதில் (டயல்_பத்து)

போன் சிக்கல் போன்ல இல்லைங்க. உங்க மோடத்துக்குப் பல்ஸ் தெரியாது, டோன் மட்டும்தான் தெரியும். டயல் ஒரு நம்பருக்கு அத்தனை தடவை லைனை வெட்டி வெட்டிச் சேர்க்குது, மோடம் அதை எண்ணுறதே இல்லை. அதான் டயல் டோன் நிக்கல. மணி முனகுறதுக்குக் காரணம் ரிங் பலம். இந்த மணி 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் ஏ.சி.க்குச் செஞ்சது, மோடம் அதைவிடக் குறைச்சலாத்தான் கொடுக்கும். ஒரு போர்ட்டுக்கு ஒரு போன் மட்டும் மாட்டுங்க. இரண்டைப் பேரலல்ல போட்டா மணி இன்னும் செத்துப்போகும், ஒண்ணுல டயல் பண்ணும்போது இன்னொண்ணு கிணுகிணுங்கும்.

வெளி லைன் வேணும்னா பல்ஸ் ஏத்துக்கிற ஏ.டி.ஏ. அடாப்டர் (சாதா போனை இன்டர்நெட் லைன்ல பேச வைக்கிற பெட்டி) வாங்கணும். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி.801-ல எஃப்.எக்ஸ்.எஸ். (போன் மாட்டுற போர்ட்) செட்டிங்ஸ் பக்கத்துல பல்ஸ் டயலிங்னு ஒரு தேர்வு இருக்கு, அதை "ஆம்" ஆக்கணும். ரிங் அதிர்வெண் மாத்த இடம் இருந்தா 25 வைங்க. ஆனா உங்க கையிலேயே இதுக்கு மருந்து இருக்கே! அந்தக் கால இ.பி.ஏ.பி.எக்ஸ். பெரும்பாலும் பல்ஸ், டோன் இரண்டையும் எடுக்கும். 14 போனையும் அதுல மாட்டினா ஒண்ணுக்கொண்ணு கூப்பிட்டுப் பேசும், வெளி லைனே வேண்டாம்.

மாட்டும் முன்னாடி மீட்டர் வெச்சுப் பாருங்க. ரிசீவர் கீழே இருக்கும்போது இரண்டு லைன் கம்பிக்கும் நடுவுல ஓம் காட்டக் கூடாது, மணிக்கு முன்னால கபாசிட்டர் நிக்குது. காட்டினா கபாசிட்டர் கசியுது, மாத்துங்க. ரிசீவரை எடுத்தா சில நூறு ஓமுக்குள்ள வரணும், மைக்கைத் தட்டினா முள் ஆடணும். ஆடலைன்னா கார்பன் துகள் ஈரத்துல இறுகியிருக்கு. ரிசீவரைக் கிடைமட்டமாப் பிடிச்சு உள்ளங்கையில நாலு தட்டுத் தட்டுங்க, பாதிக்குப் பாதி உயிர் வந்துடும்.

டயல் வேகத்துக்கு மொபைல்ல ரெக்கார்டரைப் போட்டு, பக்கத்துல வெச்சு 0 சுத்துங்க. திரும்பும்போது 10 தட்டு கேட்கும். முதல் தட்டுலருந்து பத்தாவது வரைக்கும் 0.9 வினாடி வரணும். 0.82-லருந்து 1.0 வரைக்கும் பரவாயில்லை. மெதுவா வந்தா, யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருப்பாங்க (நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் அதுதானே), அது இறுகிப் பசையாயிடும். ஆல்கஹாலால கழுவி, பல் சக்கர அச்சுகள்ல மட்டும் ஊசி முனையால தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர் டிரம்முக்குள்ள எண்ணெய் போகக் கூடாது. போனா பிரேக் பிடிக்காம டயல் பறக்கும்.

மில்_ஆபீஸ்

ரொம்ப நன்றிங்க. இ.பி.ஏ.பி.எக்ஸ்.-ல நம்பர் போனதுக்கு என்ன செய்யறது? உள்ளே ஒரு கார்டுல பச்சையாப் பூத்திருக்கு.

பதில் (லைன்_48)

சி.பி.யூ. கார்டுல 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கும், அது கசிஞ்சிருக்கு. புரோகிராமைக் காப்பாத்தி வெச்சிருந்ததே அதுதான். முதல்ல மெஷினை அணைச்சு கார்டைக் கழட்டுங்க. பேட்டரியை வெட்டி எடுத்துட்டு, பச்சைப் பகுதியை வெள்ளை வினிகர்ல நனைச்ச பழைய டூத் பிரஷால தேய்ங்க. கசிஞ்சது காரம், அதனால வினிகர். லெட்-ஆசிட் பேட்டரி கசிவுக்குத்தான் சமையல் சோடா, மாத்திடாதீங்க. அப்புறம் சுத்தமான தண்ணி, கடைசியா ஆல்கஹால், ஒரு நாள் காய விடுங்க. தடம் அரிச்சுப் போயிருந்தா மெல்லிய வயரால பாலம் போட்டு சால்டர் பண்ணணும்.

நம்பர் போகல, மெஷின் தயாரிச்சப்போ வெச்சிருந்த நம்பருக்குத் திரும்பியிருக்கு. முதல் எக்ஸ்டென்ஷன் 21 அல்லது 201-ஆ இருக்கலாம், அடிச்சுப் பாருங்க. மேனுவல் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும், கிழிக்காம எடுங்க.

பதில் (எம்டிஎஃப்)

யார் வாங்குவாங்கன்னு யாரும் இன்னும் சொல்லலை. அதுக்கு முன்னாடி ஒண்ணு: அந்தக் காலத்துல போர்டும் போனும் பல இடத்துல தபால் தந்தித் துறை வாடகைக்குக் கொடுத்தது. சொத்து முத்திரை இருக்கான்னு அடியில பாருங்க. இருந்தா தொலைபேசி அலுவலகத்துல எழுத்துல கேட்டுக்கணும். இல்லைன்னா உரிமையாளர்கிட்ட ஒரு பக்க நன்கொடைக் கடிதம். இது இல்லாம எந்த மியூசியமும் பெட்டியைத் தொடாது.

கோவையில அவிநாசி ரோடு ஜி.டி. நாயுடு மியூசியம், சென்னை கோட்டூர்புரம் அறிவியல் தொழில்நுட்ப மையம், பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா மியூசியம், மூணுக்கும் எழுதுங்க. கடிதத்துல நீளம், அகலம், உயரம், எடை, தயாரிப்புத் தகட்டின் படம், எந்த வருஷம்லருந்து எந்த வருஷம் வரை ஓடிச்சு, முழுசா இருக்கா. "பழமையான அரிய பொருள்"னு எழுதினா பதில் வராது. இடம்தான் அவங்களுக்குப் பிரச்சினை, அளவைப் பார்த்துத்தான் முடிவெடுப்பாங்க.

போர்டையும் அதோட கயிறு, பவர் யூனிட், எக்ஸ்டென்ஷன் பட்டியல், ஜம்பர் புக்கையும் (எந்தக் கம்பி எங்கே போகுதுன்னு எழுதின நோட்டு) பிரிச்சுக் கொடுக்காதீங்க. போர்டு மட்டும் போனா அது வெறும் மர அலமாரி. டயல் போன் தனியாப் போகலாம். வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமா ப்ராப்பர்ட்டி வாடகைக் கடைக்காரர்கள் உடனே எடுப்பாங்க, ஆனா உள்ளே இருக்கிற மணியும் டயலும் அவங்களுக்கு முக்கியமில்லை. இ.பி.ஏ.பி.எக்ஸ். கூட எட்டு போன் சேர்த்து ஒரு பாலிடெக்னிக் லேபுக்குக் கொடுத்தா அது தினமும் ஓடும். என் ஓட்டு அதுக்குத்தான்.

கழட்டும்போது: கேபிளை எம்.டி.எஃப். பக்கம் வெட்டுங்க, போர்டுல 1 மீட்டர் வால் விடுங்க. வெட்டும் முன்னாடி டேக் பிளாக்கை (கம்பி முனைகளைச் சால்டர் பண்ணின கட்டை) வரிசையாப் படம் எடுத்து, ஒவ்வொரு 10 ஜோடிக்கும் சீட்டு கட்டுங்க. நிற வரிசை வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா. ஒவ்வொண்ணோடும் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், மொத்தம் 25 ஜோடி. உள்ளே கம்பிக்கட்டை மெழுகு நூலால முடிச்சு முடிச்சாக் கட்டியிருக்கும், அதை வெட்டிட்டா திரும்ப அடுக்கவே முடியாது. ஈய உறை கேபிள்னா கையுறை போட்டு, வேலை முடிஞ்சதும் சோப்பால கை கழுவுங்க.

போர்டுக்கு அடியில கயிறுகள்ல கப்பியும் எடையும் தொங்கும். அவிழ்த்துத் தனிப் பையில போட்டு எண் எழுதுங்க. அப்படியே வண்டியில ஏத்தினா எடை ஆடி டேகை உடைச்சிடும். போர்டை நிமிர்த்தியே கொண்டு போகணும், படுக்க வைக்கக் கூடாது.

மில்_ஆபீஸ்

கயிறு சிலதுல பிளக் கிட்ட துணி உறை பிரிஞ்சிருக்கு. புதுசு போடணுமா?

பதில் (டயல்_பத்து)

வேண்டாம். பிளக்கைக் கழட்டி ஒரு அங்குலம் வெட்டிட்டு மறுபடி கட்டுங்க, கயிறு நீளத்துல மிச்சம் இருக்கும். உள்ளே இருக்கிறது நூல் மேல சுத்தின மெல்லிய செப்புப் பட்டை, சால்டர் நேரா பிடிக்காது. மெல்லிய செப்புக் கம்பியை நெருக்கமாச் சுத்தி அது மேல சால்டர் வைங்க. முனை, வளையம், உடல் மூணையும் மீட்டர்ல பிடிச்சுக்கிட்டு கயிறை ஆட்டிப் பாருங்க, ஓம் ஆடினா இன்னும் கொஞ்சம் வெட்டணும். பிளக்குப் பித்தளையை மெட்டல் பாலிஷ் போட்டா மிச்சம் இல்லாம துடைச்சிடுங்க, ஜாக்குக்குள்ள போனா கரகரப்பு வரும்.

பதில் (எம்டிஎஃப்)

கழிவு எதுவும் பழைய இரும்புக்காரர்கிட்ட வேண்டாம். கழட்டின செலினியம், நிக்கல்-காட்மியம், செத்த பேட்டரி மூணையும் தனித்தனி டப்பாவுல சீட்டு ஒட்டி, செலினியத்தைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரர்கிட்டயும் பேட்டரிகளைப் பதிவு பெற்ற பேட்டரி மறுசுழற்சிக்காரர்கிட்டயும் கொடுங்க. மின்கழிவுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில இருக்கிற விதியும், பேட்டரிக்கு 2022-ல வந்த தனி விதியும் இருக்கு. ரசீதும் வாங்கி வைங்க, கட்டடம் ஒப்படைக்கும்போது கேட்பாங்க.