மொறிஸ் மைனரா, ஏ40 சொமசெற்றா?

மாங்குளத்தான்:
அண்ணைமாருக்கு வணக்கம். எங்கள் பக்கம் இரண்டு பழைய கார்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 1958 மொறிஸ் மைனர் 1000, மற்றது 1953 ஒஸ்ரின் ஏ40 சொமசெற். இரண்டும் ஓடுகின்றன. சொமசெற் 1200 சிசி, 42 குதிரைவலு. மைனர் 948 சிசி, 37தான். அப்ப சொமசெற்தானே திறம்? ஒட்டுசுட்டானில் இருக்கிற வயலுக்கும் போய்வர வேணும்.

வவுனியா ஸ்பனர்:
குதிரைவலுவை மட்டும் பார்க்காதையும் தம்பி. சொமசெற் ஏறக்குறைய 200 கிலோ கூடப் பாரம். ஏ9 றோட்டில் இரண்டையும் விட்டால் மைனர்தான் முன்னுக்குப் போகும். மைனருக்கு றாக் அன்ட் பினியன் ஸ்ரேறிங், திருப்பின உடனே கேட்கும். சொமசெற்றைத் திருப்பிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேணும்.

முறிகண்டிக் கச்சான்:
ஸ்பனர் சொன்னது பெற்றோலில் ஓடுகிற காருக்குச் சரி. நான் இரண்டையும் மண்ணெண்ணெயில் பார்த்தவன்.

90களில் வன்னியில் பொருளாதாரத் தடை. ஒரு சோடாப் போத்தல் பெற்றோல் கிடைத்தாலே பெரிய காரியம். ஐயா வாடகைக்கு ஓடினது சொமசெற், சித்தப்பாவிடம் மைனர். பொனற்றைத் திறந்து, சேலைன் குழாயால் காபரேற்றர் வாய்க்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவோம். எஞ்சின் சூடேறினால்தான் மண்ணெண்ணெய் பிடிக்கும். துளி விடுகிற வேலை என்னுடையது. ஐந்தாவது துளி விட்டால் குட்டு விழும்.

மண்ணெண்ணெய் ஒக்ரேன் குறைந்த சாமான், கூட அமுக்கினால் தானாக வெடிக்கும். கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்குகிற அளவு, கூடின எஞ்சினில் அது தட்டும். சித்தப்பாவின் மைனருக்கு 8.3, சொமசெற்றுக்கு 7.2தான். சித்தப்பா பிளக்கில் பொறி விழுகிற ரைமிங்கைப் பின்னுக்கு வைத்தும், நாலு நெல்லு மூட்டை ஏற்றினால் பால்மா ரின்னுக்குள் கல்லுப் போட்டுக் குலுக்கின மாதிரிச் சத்தம். ஐயாவின் கார் அதே பாரத்தோடு மூச்சு வாங்குமே தவிரத் தட்டாது. முன்னுக்கு மூன்று பேரும் இருக்கலாம். கியர் ஸ்ரேறிங்கோடு இருக்கிறபடியால் நடுவில் இருக்கிறவரின் முழங்கால் தப்பும்.

இன்னொன்று, ஒயில் குறையாது, கூடும்! ஒயில் அளக்கிற டிப் ஸ்ரிக்கைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். ஐயா மணந்து பார்த்துவிட்டு முழுவதையும் இறக்கச் சொன்னார். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலோடு கலந்திருந்தது.

மைனரில் ஒரு விஷயம் கவனம். முன் சில்லு கீழ்ப்பக்கத்தில் ட்றனியன் என்கிற புரிக்கட்டையில்தான் திரும்பும். கிறீஸ் காய்ந்தால் புரி தேய்ந்து கழன்றுவிடும். ஒட்டுசுட்டான் றோட்டில் சித்தப்பா ஒரு குழிக்கு விலத்தி ஒடிக்க, மாடு காலை மடித்துப் படுத்த மாதிரி ஒரு பக்கம் இருந்துவிட்டது. காரில் பிழை சொல்ல முடியாது. கிறீஸ் வாங்கத் தந்த காசில் நான் கச்சான் வாங்கித் தின்றிருந்தேன். இந்தப் பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

மாங்குளத்தான்:
ஐயோ அண்ணை! ஆனால் இப்ப பெற்றோல் கிடைக்குதே. அப்ப மைனரை எடுக்கலாமா?

முறிகண்டிக் கச்சான்:
2022 பெற்றோல் வரிசையை மறந்துபோனீர் போல. சரி, எடும். ஆனால் காசு கொடுக்க முன்னம் முன் சில்லை ஜாக்கில் தூக்கி, மேலையும் கீழையும் பிடித்து ஆட்டிப் பாரும். பிறகு கீழே படுத்து, கதவுக்குக் கீழ்ப்பக்கத் தகரம் துருப் பிடித்திருக்கா என்று ஸ்குறூ டிறைவரால் குத்தும். சொமசெற்றுக்குப் பொடியைத் தாங்கத் தனிச் சசி, அதாவது இரும்புச் சட்டம், இருக்கிறது, மைனருக்கு அந்தத் தகரம்தான் முதுகெலும்பு. விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நுனி மட்டும் இறங்கினால் விலையைக் குறைத்துக் கேளும். பிடி வரைக்கும் போனால் எழும்பித் தூசியைத் தட்டிவிட்டு, மற்றக் காரின் சாவியை வாங்கும்.