நீச்சல் சுமார்தான், கிலிமில் காயாக் ஓட்டலாமா?

தோட்டத்துப்பையன்: பாடாங் செராய் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன், கடல் பழக்கமில்லை. கூட்டாளிகள் லங்காவித் தீவில் கிலிம் அலையாத்திக் காட்டுப் பக்கம் வழிகாட்டியோடு ஒரு நாள் காயாக் (சின்னத் துடுப்புப் படகு) போகலாம் என்கிறார்கள். டிசம்பர் மழைக்காலமாச்சே, சரிவருமா?

கெடாக்காரி: தம்பி, அந்த மழை கொட்டுவது கிழக்குக் கரையில், கிளந்தான், திரங்கானு பக்கம். லங்காவியில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் வறட்சிதான். இருவர் உட்காரும் அகலமான காயாக் கேளுங்கள், லேசில் கவிழாது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது.

துடுப்பு: புறப்படும் நேரத்தை வழிகாட்டி ஓதம் (கடல் நீர் ஏறி இறங்குவது) பார்த்துத்தான் சொல்வார், அதில் சண்டை போடாதீங்க, நீர் வற்றினால் அலையாத்திக் காட்டுக்குள் இருக்கும் சின்ன ஓடைகளில் சேறும் வேரும்தான் மிஞ்சும், காயாக் நகராது. அப்புறம் கையால் மட்டும் துடுப்பை இழுத்தால் மதியத்துக்குள் தோள் போயிடும், இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி இழுங்க. சுண்ணாம்புக்கல் பாறைகள் தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும், செம்பருந்து வட்டமிடும், சும்மா மிதந்தாலே போதும். நாசி லெமாக் பொட்டலம் மட்டும் வெளியே தெரியக்கூடாது, குரங்குகள் விடாது.

தோட்டத்துப்பையன்: நன்றி அண்ணே, அக்கா. குவாலா கெடாவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

கெடாக்காரி: பெர்ரியிலேயே ஒன்றே முக்கால் மணி நேரம் போயிடும். முந்தின நாளே போய்த் தங்கிடுங்க.