ஃபிளையர்ஸ் அணியின் ஆரம்ப கால முரடர்கள்: ஷுல்ட்ஸ் தவிர யார் யார்?

நீலக்கோடு:
பிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ் 1967-ல தொடங்கின அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி. "பிராட் ஸ்ட்ரீட் புல்லீஸ்"ங்கிற அவங்க பட்டப்பேரைச் சொன்னாலே எல்லாரும் டேவ் ஷுல்ட்ஸ் பேரை மட்டும்தான் சொல்றாங்க. கூட நின்னவங்க யாரு? தொடக்கத்துலயே இப்படி முரட்டு டீம்தானா? தப்பு செஞ்சவங்களை உட்கார வைக்கிற பெனால்டி பாக்ஸ்ல அவ்வளவு நேரம் உட்கார்ந்துட்டு எப்படி ஸ்டான்லி கப் அடிச்சாங்க?

ஐஸ்காரன்:
தொடக்கத்துல அடி வாங்கின டீம்ங்க அது. 1968, 1969 ரெண்டு பிளேஆஃப்லயும் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்கிட்ட தோத்தாங்க, 69-ல ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல. அந்த ப்ளூஸ் டீமோட பிளேகர் சகோதரர்களும் நோயல் பிகார்டும் போட்டுப் புரட்டி எடுத்தாங்க. இனிமே நம்ம பசங்க மேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு ஓனர் எட் ஸ்னைடர் முடிவெடுத்தது அதுக்கப்புறம்தான். 1969 டிராஃப்ட்ல (டீம்கள் முறை வச்சு புது ஆட்டக்காரங்களை எடுக்கிறது) 17-வதா பாபி கிளார்க், 52-வதா ஷுல்ட்ஸ், 64-வதா டான் சலெஸ்கி. அடுத்த வருஷம் பாப் கெல்லி. 1972 டிசம்பர்ல ஆந்த்ரே டூபான்ட் வந்தாரு, அதுவும் அதே செயின்ட் லூயிஸ்ல இருந்து!

மூன்றாம் பீரியட்:
பெனால்டி கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1974-75-ல் ஷுல்ட்ஸ் வாங்கிய 472 பெனால்டி நிமிடங்கள் இன்றுவரை என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) சாதனை. ஆனால் இரண்டு பேர் சண்டையிட்டால் இருவருக்கும் 5 நிமிடம். பதில் ஆள் இறங்கலாம் என்பதால் களத்தில் எண்ணிக்கை குறையாது. சிறு தவறுக்கான 2 நிமிட "மைனர்" பெனால்டிதான் ஆளைக் குறைக்கும். அந்த நேரத்தைக் காப்பாற்றியது கோல்கீப்பர் பெர்னி பேரன்ட். 1973-74-ல் மட்டும் 47 வெற்றிகள்.

"மூன்றாவது ஆள்" விதியும் அவர்களுக்குச் சாதகமானது. நடக்கும் சண்டைக்குள் மூன்றாவதாக நுழைபவர் வெளியேற்றப்படுவார். 1974 அரையிறுதி ஏழாவது ஆட்டத்தில் எதிரணியான ரேஞ்சர்ஸின் டேல் ரோல்ஃபை ஷுல்ட்ஸ் அடித்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. ஃபிளையர்ஸ் 4-3. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஸ்டான்லி கப்.

ஸ்கேட் மேல் நின்று குத்தும்போது பலம் காலில் கிடைக்காது, பிடியில்தான். இடது கையால் எதிராளியின் கழுத்துப் பட்டியையோ வலது கைச் சட்டையையோ இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஜெர்சி தலைக்கு மேல் ஏறிவிட்டால் கண்ணும் போச்சு, கையும் போச்சு. ஷுல்ட்ஸ் மணிக்கட்டுக்காகக் குத்துச்சண்டைக் கட்டுத் துணி சுற்றினார். லீக் அதையே தடை செய்தது.

நீலக்கோடு:
நன்றி! எட் வான் இம்ப் இந்தப் பட்டியல்ல வருவாரா?

ஐஸ்காரன்:
கண்டிப்பா. 1967-லயே வந்தவரு, கிளார்க்குக்கு முன்னாடி கேப்டன். கையுறையைக் கழட்டிச் சண்டை போடுற ரகம் இல்ல, டிஃபென்ஸ்ல நின்னு இடிக்கிற ரகம். 1976 ஜனவரி 11, சோவியத் ராணுவ டீமான மாஸ்கோ சிஎஸ்கேஏ கூட மேட்ச்: பெனால்டி பாக்ஸ்ல இருந்து வெளிய வந்த வேகத்துல அவங்க ஆட்டக்காரர் கார்லமோவை இடிச்சுச் சாய்ச்சாரு. சோவியத் டீம் ஐஸை விட்டே வெளிய போயிடுச்சு. அப்புறம் திரும்பி வந்து 4-1-னு தோத்தாங்க. கெல்லியையும் வெறும் முரடன்னு ஒதுக்கிடாதீங்க. 1975 ஃபைனல் ஆறாவது மேட்ச்ல மூணாவது பீரியட் தொடங்கின 11-வது செகண்ட்ல கப்பை ஜெயிச்சுக் கொடுத்த கோல் அவரோடதுதான்.